பதினோரு கிலோ பேரானந்தம்

மலையில் டென்ட் அடித்துத் தங்குவது எனக்கு எவ்வளவு பிடிக்குமோ, அதற்கு என்னென்ன எடுத்துப் போவது என்று உட்கார்ந்து முடிவு செய்கிற நாட்களும் அவ்வளவு பிடிக்கும். ஒரு படி மேலே போயே சொல்கிறேன்: கொழுக்குமலையில் நாங்கள் பார்த்த சூரியோதயம் அத்தனை அழகாக இருந்ததற்குப் பாதிக் காரணம், மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பரப்பி, எடுத்து, வைத்து, மறுபடி எடுத்துக் கட்டிய பைகள்தான். குளிரில் நடுங்கவில்லை, பசிக்கவில்லை, இருட்டில் எதையும் தேடித் துழாவவில்லை. அதனால் எங்கள் கண்ணும் மனசும் முழுசாக மலைக்கே கிடைத்தன.

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டி போகிற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். போடியிலிருந்து மலையேறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி. அங்கே நம் காரை விட்டுவிட்டு ஜீப்பில் ஏற வேண்டும். கல்லும் குழியுமான பாதையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குலுங்கினால் சுமார் 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம். 1930களில் தொடங்கிய அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இன்றும் பழைய இயந்திரங்களில் பழைய முறையிலேயே தேயிலை தயாராகிறது. கிழக்கே மலை அப்படியே செங்குத்தாக இறங்குகிறது. அடியில் குரங்கணி, அதற்கப்பால் தேனிச் சமவெளி. விடியும் நேரத்தில் அந்தச் சமவெளியை மேகம் கரை வரை நிரப்பியிருக்கும். அந்த மேகத்துக்குள்ளிருந்து சூரியன் எழும்பும்!

சரி, பைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பட்டியல் போடுவதில்லை. மணி போடுகிறோம். ஒரு முழுத்தாளை விரித்து இடது ஓரத்தில் மாலை 3, 5, 7, 9, நள்ளிரவு 2, விடிகாலை 5, காலை 8 என்று எழுதிக்கொள்கிறோம். பிறகு வீட்டுக்காரர், மகள், அத்தை, நான் நால்வரும் தாளைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு மணியிலும் ஒரு தடவை வாழ்ந்து பார்க்கிறோம். அந்த நேரத்தில் எங்கே நிற்போம்? வெளிச்சம் எப்படி இருக்கும்? கை என்ன செய்துகொண்டிருக்கும்? வயிறு என்ன கேட்கும்? பதில் கிடைத்தால் பொருள் தானாக வந்துவிடுகிறது. மாலை 5 மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கியதும் மேட்டில் காற்று அறையும், அப்போதுதான் டென்ட் அடிக்க வேண்டும், கை இரண்டும் வேலையாக இருக்கும். ஆகவே விண்ட்சீட்டர் பையின் அடியில் இருக்கக்கூடாது, வாயருகில் இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக! ஒரு பொருளை உள்ளே வைப்பது மட்டுமல்ல, எங்கே வைப்பது என்பதும் அதே நொடியில் முடிவாகிவிடுகிறது. எந்த மணியிலும் இடம் பிடிக்காத பொருள் வீட்டில் தங்கிவிடும். சண்டை சச்சரவே இல்லை.

மலையேற்றக்காரர்கள் நடுவில் ‘பத்து அத்தியாவசியங்கள்’ என்று புகழ்பெற்ற பட்டியல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள ‘தி மவுண்டனியர்ஸ்’ சங்கம் 1930களில் உருவாக்கியது அது. வரைபடம், திசைகாட்டி, டார்ச், கூடுதல் உணவு, கூடுதல் உடை, கறுப்புக் கண்ணாடி, கத்தி, தீப்பெட்டி, தீமூட்டி, முதலுதவிப் பெட்டி. 1974இல் அவர்களுடைய மலையேற்றக் கையேட்டிலும் அச்சாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த சங்கதி அதற்குப் பிறகு நடந்தது. 2003இல் அதே சங்கம் பொருட்களின் பெயர்களை ஒதுக்கிவிட்டு வெளிச்சம், வெயில்காப்பு, வழியறிதல், கதகதப்பு, தங்குமிடம், தண்ணீர் என்று தேவைகளின் பெயர்களாகப் பட்டியலை மாற்றி எழுதியது. அதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தேவையைக் கேள், பொருள் தன்னால் வரும். மணி போடுகிற எங்கள் வழக்கமும் அதே வழியில் போவதுதான்.

எடைக் கணக்கு எனக்குத் தனி இன்பம். முதுகில் சுமக்கிற பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மலை நடப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எனக்கு அது 11 கிலோ. “ஜீப்தான் மேலே வரைக்கும் போகுதே, எதுக்கு இந்த எடை பாக்குற வேலை?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜீப் நின்ற இடத்திலிருந்து டென்ட் போடுகிற இடம் வரை, எதிர்க்காற்றில், செடிகளுக்கு நடுவிலுள்ள ஒற்றையடித் தடத்தில் நடந்து பாருங்கள். அங்கே ஒவ்வொருவர் பையும் அவரவர் முதுகில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அந்த நடையே ஒரு விருந்து. கைகள் வீசி நடக்கலாம். நின்று மீசப்புலிமலையைப் பார்க்கலாம். கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கிற சின்னத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறோம். அதன் முள் 11ஐத் தொட்டு நிற்கும்போது எனக்குக் கைதட்டத் தோன்றும்.

இப்போது நள்ளிரவு 2 மணிக்கு வாருங்கள். எங்கள் தாளில் அதிகம் எழுதப்பட்டிருப்பது அந்தக் கட்டத்தில்தான், அதிக நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான்.

உயரம் ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் குளிர்கிறது. போடிக்கும் கொழுக்குமலைக்கும் இடையே ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர வித்தியாசம். அதாவது 13 டிகிரி. ஜனவரி இரவில் போடியில் 20 டிகிரி என்றால் மேலே 7. அதோடு காற்றும் சேர்கிறது. மதுரைக்காரர்களுக்கு 7 டிகிரி என்பது கதையில் கேட்ட சமாச்சாரம். ஆகவே போர்வையைப் பற்றிப் பேசத் தொடங்குவது இயல்பு. ஆனால் குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் ஏறுகிறது. படுத்திருக்கும் உடம்பின் சூட்டைத் தரை விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நம் உடம்பு அழுத்துகிற அடிப்பக்கத்தில் பஞ்சு நசுங்கிவிடுகிறது. உள்ளே காற்று தங்க இடமில்லை. காற்று தங்காவிட்டால் கதகதப்பும் தங்காது. எனவே அடியில் விரிக்கிற பாய்தான் ராஜா!

அந்தப் பாய் விஷயத்தில் நான் கண்டது ஃபோம் பாய். காற்று ஊதுகிற மெத்தை அல்ல, சின்னச் சின்ன மூடிய குமிழ்களால் ஆன, சுருட்டிப் பைக்கு வெளியே கட்டிக்கொள்கிற மலிவான ஃபோம் பாய். முள் குத்தினாலும் அது படுக்கையாகவே இருக்கும். தண்ணீர் உறிஞ்சாது. அரை கிலோகூட வராது. பகலில் விரித்தால் உட்காரும் இடம், டீ குடிக்கும் திண்ணை, மகளுக்குத் தாயம் ஆடும் களம். இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு சுகத்தைத் தருகிற வேறொரு பொருளை நான் கண்டதில்லை.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன் உறையில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள், அதுவும் பெண்கள் கட்டாயம் பாருங்கள். ‘கம்ஃபர்ட்’ என்று ஒரு வெப்பநிலை, ‘லிமிட்’ என்று இன்னொன்று. சர்வதேசத் தரமுறைப்படி முதல் எண் சராசரிப் பெண் ஒருத்தி இயல்பாகப் படுத்துத் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடியது. கடைகளில் பெரிதாகப் போட்டு விற்பது பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான். அத்தைக்கும் எனக்கும் மகளுக்கும் ‘கம்ஃபர்ட் 5’ என்று பார்த்து எடுத்தோம். இரவு முழுக்க ஒருவர்கூடப் புரண்டு எழவில்லை.

இன்னொன்று, நாள் முழுக்கப் போட்டிருந்த உடையோடு படுக்கக்கூடாது. பருத்தித் துணி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது, இரவில் அந்த ஈரம் உடம்பைக் குளிர வைக்கும். கம்பளி ஈரமானாலும் கொஞ்சம் சூட்டைக் காப்பாற்றும். அதனால் தூங்குவதற்கென்றே ஒரு காய்ந்த சட்டை, ஒரு காய்ந்த காலுறை, மங்கி கேப். இவை மூன்றும் ஒரு பாலித்தீன் உறையில் இறுகக் கட்டிப் படுக்கைக்குள்ளேயே பயணம் செய்யும், வேறு எதற்காகவும் வெளியே வராது. நாளெல்லாம் காற்றில் அலைந்துவிட்டு அந்தக் காய்ந்த கம்பளிக் காலுறைக்குள் பாதத்தை நுழைக்கிற நொடி இருக்கிறதே… அந்த ஒரு நொடிக்காகவே மலையேறலாம்.

நான்கு பேர் விடுகிற மூச்சு டென்டின் உட்சுவரில் பட்டுத் துளியாகித் தலையில் சொட்டும். மேலே இருக்கிற காற்றுச் சன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். விடிகாலையில் சுவரை ஒற்றி எடுக்க ஒரு துணி வேண்டும். இந்த இடத்தில் ஈரிழைத் துண்டைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். ஈரிழைத் துண்டு! விலையும் குறைவு, கனமும் இல்லை. பருத்திதான், ஆனால் அவ்வளவு மெல்லிசாக நெய்திருப்பதால் பிழிந்து டென்ட் கயிற்றில் போட்டால் மலைக்காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். டென்டுச் சுவரை ஒற்றினோம். சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கினோம். டீயை வடிகட்டவென்று தனியாக ஒன்று. வெயில் ஏறியதும் வீட்டுக்காரர் தலைப்பாகை கட்டிக்கொண்டார். விலையுயர்ந்த டிராவல் டவல் எதுவும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது என்று சத்தியம் செய்வேன். ஆளுக்கு இரண்டு கட்டாயம்.

அடுத்து 7 மணி. சாப்பாடு.

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் கொழுக்குமலை உயரத்தில் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. அரிசியும் பருப்பும் வேக வெகு நேரம் எடுக்கும், எரிவாயு வீணாகும். இது தெரிந்தபின் எங்கள் சமையலறை அலமாரியையே வேறு கண்ணால் பார்த்தேன். வேகவைக்கத் தேவையில்லாத உணவில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் யார் இருக்கிறார்கள்? அவல்! தண்ணீர் தெளித்தால் போதும், நாட்டுச்சர்க்கரை சேர்த்தால் காலை உணவு, தாளித்த கடுகும் மிளகாயும் பொடித்த வேர்க்கடலையும் டப்பாவில் கொண்டுபோய்க் கலந்தால் இரவு உணவு. வறுத்த சத்துமாவு, வெந்நீர் ஊற்றினால் கஞ்சி. பருப்புப்பொடி. நெய். சுக்குமல்லிப் பொடி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், அதுவும் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து எல்லோர் சட்டைப்பையிலும்.

முதல் வேளைக்கு மட்டும் கட்டுச்சோறு. புளியும் உப்பும் நல்லெண்ணெயும் தூக்கலாக விட்டு அத்தை கிளறுகிற புளிச்சோறு மதுரைச் சூட்டையும் பயணத்தையும் தாங்கி, இரவு 7 மணிக்கு மலைமேல் பிரிக்கும்போது காலையைவிட ருசியாக இருக்கிறது. புளிக்காய்ச்சல் ஒவ்வொரு பருக்கைக்குள்ளும் இறங்க அந்தப் பகல்பொழுது தேவைப்படுகிறது போலும். வாழையிலையைத் தணலில் வாட்டி அதில் பொதிந்து, மேலே தாளைச் சுற்றி நூல் கட்டினோம். தட்டு வேண்டாம், கழுவத் தண்ணீர் வேண்டாம், இலையும் மட்கிப்போகும் (நாங்கள் அதையும் மடித்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம்). நால்வரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில், மணத்தக்காளி வற்றலும் புளிச்சோறும் சாப்பிட்ட அந்த இரவு! நட்சத்திர ஓட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். இதற்கு ஈடு இல்லை.

தலைவிளக்கில் சிவப்பு ஒளி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நம் கண் முழு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கிறது. வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் அத்தனையும் போயிற்று, சிவப்பு அவ்வளவு கெடுக்காது. அன்று இரவு எங்கள் மகள் பார்த்த நட்சத்திரங்களுக்கு அந்தச் சிவப்புப் பொத்தானுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அடுப்பு, சின்ன எரிவாயுக் குடுவை. பியூட்டேன் வாயு சுழியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே திரவமாகிவிடுவது. குளிர்ந்த காலையில் குடுவைக்குள் அழுத்தம் குறைந்து சுடர் சோம்பும். அதனால் இரவில் குடுவையைப் போர்வைக்கடியில், செல்போனோடும் பேட்டரியோடும் சேர்த்துக் கதகதப்பாகப் படுக்க வைத்துவிட்டோம். காலை 5 மணிக்கு ஒரே தட்டில் நீலச்சுடர்! அடுப்பை மட்டும் எக்காரணத்துக்காகவும் டென்டுக்குள் பற்றவைக்கக் கூடாது. தீ மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் அதே அளவு ஆபத்து.

தீயைப் பற்றி இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தது இதே சரிவில்தான். அந்தச் சரிவைப் பார்த்தபடி நின்ற எங்களுக்கு விறகு மூட்டிக் குளிர்காய மனம் வரவில்லை, வரவும் கூடாது. ஆகவே எங்கள் தாளில் எந்த மணியிலும் நெருப்பு இல்லை. தோட்டத்தில் அனுமதி பெற்ற இடத்தில், வெற்றுத்தரையில், பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு, வெந்நீர் போடுகிற நேரத்துக்கு மட்டும் அடுப்பு. நெருப்பை நம்பாமல் பை கட்டுகிறவர் கம்பளியையும் பாயையும் சரியாகத் தேர்ந்தெடுப்பார். எங்களுக்கு விறகின் குறையே தெரியவில்லை.

அத்தை வந்த கதையைச் சொல்கிறேன். முதலில் அவர் வருவதாக இல்லை. “மலைமேல தார்ப்பாய்க்குள்ள படுக்குற வயசாம்மா எனக்கு?” என்றார். நான் அவருக்கு எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதையில் 2,000 மைலுக்கு மேல் தன்னந்தனியாக நடந்தார். ஒரே பருவத்தில் அந்தப் பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்த முதல் பெண் அவர். டென்ட் இல்லை. ஸ்லீப்பிங் பேக் இல்லை. காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. தோளில் அவரே தைத்த டெனிம் துணிப்பை, அதில் ஒரு ராணுவக் கம்பளி, ஒரு மழைக்கோட்டு, மழைக்கு மேலே பிடிக்கக் குளியலறையில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் திரை ஒன்று. அவ்வளவுதான்! அதற்குப் பிறகும் அந்தப் பாதையை நடந்து, மொத்தம் மூன்று தடவை முடித்திருக்கிறார்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தம்மா பையத் தானே தைச்சுச்சா?” என்று கேட்டார். மறுநாள் காலையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மெஷினிலிருந்து வந்த சுருக்குப் பைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். பழைய பட்டுப் பாவாடையும் நைலெக்ஸ் சேலைகளும் வெட்டுப்பட்டு, வாயில் நாடா கோத்த பைகளாக மாறின. மணிக்கு ஒரு நிறம். மாலைக்கு மஞ்சள், அதில் டென்ட் முளைகள், கூடுதல் கயிறு, தலைவிளக்கு. இரவுக்கு நீலம், தூங்கும் உடைகள். விடிகாலைக்குச் சிவப்பு, அதில் சுக்குமல்லிப் பொடி, லைட்டர், டம்ளர்கள், கையுறை. வெள்ளை மருந்துக்கு: ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, வாந்தி மாத்திரை, வளைவுகளில் முகர்ந்து பார்க்க இரண்டு எலுமிச்சம்பழம். மெல்லிய துணி என்பதால் எடையே இல்லை. இருட்டில், கை விறைத்த நிலையில், “சிவப்பு எங்கே?” என்று கேட்டால் சிவப்பு வருகிறது. அதற்குள் அந்த நேரத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. யாரும் பையைக் கவிழ்க்கவில்லை. யாரும் யாரையும் கடியவில்லை. ஒரு குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பையை அடுக்குவதற்கும் ஒழுங்கு உண்டு. படுக்கை அடியில். கனமானவை, அதாவது தண்ணீர், அடுப்பு, உணவு, முதுகை ஒட்டி நடுவில். அப்போதுதான் எடை நம்மைப் பின்னால் இழுக்காது, இடுப்புப் பட்டை அதை வாங்கிக்கொள்ளும். மழைக்கோட்டு எப்போதும் உச்சியில். எல்லாவற்றுக்கும் உள்ளே தடித்த பாலித்தீன் உறை ஒன்று, ஏனென்றால் பைக்கு வெளியே மாட்டுகிற மழை உறையை மலைக்காற்று கழற்றிவிடும்.

இத்தனை கணக்குக்கும் நடுவே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். ஆளுக்கு ஒரு பொருள், காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மணி கேட்கக்கூடாது, பயன் கேட்கக்கூடாது. எடை கால் கிலோவுக்குள் இருந்தால் போதும்.

மகள் தாயக்கட்டையும் சோழியும் எடுத்தாள். வீட்டுக்காரர் உள்ளங்கையளவு ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். மலையுச்சியில் அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, 100.5, துளி இரைச்சல் இல்லாமல் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு, டென்டுக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியப் படுத்துக்கொண்டு பழைய பாட்டுக் கேட்டோம். அத்தை வெற்றிலைப் பெட்டி. மலையேறி, டென்ட் அடித்து, சோறு உண்டு முடித்து, அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய நிதானத்தைப் பார்த்தபோது எம்மா கேட்வுட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

நான் எடுத்தது மல்லிகை. காலையில் பூக்காரம்மாவிடம் மொட்டாக வாங்கி, நனைத்த துணியில் சுற்றி, வாழையிலையில் பொதிந்து, பையின் உச்சியில் நசுங்காமல் வைத்தேன். மதுரை மல்லி மாலையில்தான் மலரும். கொழுக்குமலையில் ஏழு மணிக்கு இலையைப் பிரித்தபோது பாதி விரிந்திருந்தது. குளிர்காற்றில், தேயிலையின் பச்சை வாசனைக்கு நடுவே, டென்டுக்குள் மதுரை நிறைந்துவிட்டது. மூவரும் ஆளுக்கு ஒரு முழம் வைத்துக்கொண்டோம். மங்கி கேப்புக்குள்தான்! காலையில் கழற்றியபோதும் மணம் அப்படியே இருந்தது.

திரும்பி வந்ததும் செய்கிற வேலையையும் விட்டுவிடாதீர்கள். டென்டை முதலில் நிழலில் முழுசாக உலர்த்த வேண்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துத் துணியும் மேல்பூச்சும் கெடும். பிறகு சாமான்களை இரண்டு குவியலாகப் பிரிக்கிறோம்: தொட்டவை, தொடாதவை. தொடாத குவியலில் மருந்தும் மழைக்கோட்டும் கிடந்தால் மகிழ்ச்சி, அவை அடுத்த தடவையும் வரும். மற்றவற்றுக்கு விடை கொடுத்துவிடுகிறோம். கொழுக்குமலையிலிருந்து வந்தபோது அந்தக் குவியலில் இரண்டாவது கத்தியும் பெரிய கரண்டியும் ஒரு பாட்டில் ஊறுகாயும் இருந்தன. கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோவுக்குப் பக்கம். அந்த ஒரு கிலோ இடத்தில் அடுத்த பயணத்தில் எதை வைக்கலாம் என்ற பேச்சு அன்று இரவே தொடங்கிவிட்டது.

அடுத்தது ஏலகிரி. உயரம் 1,100 மீட்டர்தான், அவ்வளவு குளிராது. கணக்குப் போட்டால் ஸ்லீப்பிங் பேக் வேண்டாம், ஒரு கைத்தறிப் போர்வை போதும், அங்கேயே இன்னொரு கிலோ மிச்சம். மகள் ஒரு பைனாகுலர் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் சின்னக் குக்கர் என்கிறார். அத்தை பச்சை நிறத்தில் ஒரு சுருக்குப் பை தைத்து முடித்துவிட்டு, “இது எந்த மணிக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க, உள்ள வைக்கப்போறது என்னன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாளை விரிக்கிறோம்.